எதிரே வருபவர் கண்ணில் அடிக்காத சைக்கிள் விளக்கு: எட்டு மாத அனுபவம்

இரவு வேலை முடிந்து தினமும் பதினொரு கிலோமீட்டர் சைக்கிளில் வீடு திரும்புகிறேன். அதில் நான்கு கிலோமீட்டர் கால்வாய்க் கரையை ஒட்டிய பாதை. தெருவிளக்கே கிடையாது. இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். நடப்பவர்கள், நாயோடு வருபவர்கள், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவர்கள் என்று எல்லாருக்கும் அந்த ஒரே பாதைதான். இதற்காகவே அடுத்தடுத்து இரண்டு விளக்குகள் வாங்கினேன். முதல் விளக்கை ஐந்தே வாரத்தில் கழற்றிவிட்டேன். இரண்டாவது எட்டு மாதமாக ஹேண்டிலில் இருக்கிறது. புதிதாக விளக்கு வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் விளக்கின் பெட்டியில் ‘1600 லூமன்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த எண்ணுக்காகத்தான் வாங்கினேன். அதிக வெளிச்சம் என்றால் அதிகப் பாதுகாப்பு என்று அப்போது நம்பினேன். முதல் இரவு பாதை முழுக்கப் பகல் போல ஆகிவிட்டது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த மதில் தெரிந்தது, தலைக்கு மேலே மரக்கிளையில் இருந்த பறவைக் கூடு தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கூடு தெரிகிறது என்றால், சாலைக்குப் போக வேண்டிய வெளிச்சத்தில் ஒரு பெரும் பங்கு மரத்துக்குப் போகிறது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு இரவு. எதிரே ஒரு பெரியவர் கைத்தடியோடு வந்துகொண்டிருந்தார். என் வெளிச்சம் பட்டதும் நின்று, இடது கையை முகத்துக்கு நேரே தூக்கி மறைத்துக்கொண்டார். எனக்கு வழிவிட நினைத்து இரண்டு அடி பின்னால் வைத்தார். அந்தப் பக்கம் சரிவு. பிரேக்கைப் பிடித்து இறங்கி ஓடினேன். அவருடைய தடியின் நுனி பாதையின் விளிம்பைத் தாண்டி, புல்லுக்குள் இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

“தம்பி, அந்த லைட்டைக் கொஞ்சம் இறக்கி வையேன்பா. நீ வர்றது நல்லாத் தெரியுது. மத்தது ஒண்ணுமே தெரியல.”

“மன்னிச்சுக்குங்க ஐயா” என்றேன். விளக்கை அணைத்த பிறகும் அவரால் உடனே நடக்க முடியவில்லை. கண்ணை மூடி மூடித் திறந்தபடி வெகு நேரம் நின்றார். நானும் கூடவே நின்றேன்.

அடுத்த ஞாயிறு இரவு இதைச் சோதித்துப் பார்த்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு இருட்டுச் சாலையில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, விளக்கைப் போட்டேன். சைக்கிளுக்கு ஒரு மீட்டர் பக்கவாட்டில், பாதையில் ஒருவர் நிற்பது போல, கறுப்புக் குடை ஒன்றை மடக்கிக் குத்தி வைத்தேன். அதன்மேல் பழைய சாம்பல் நிறச் சட்டை. பிறகு முப்பது மீட்டர் தள்ளிப் போய், எதிரே நடந்து வருபவர் போலத் திரும்பி வந்தேன். அக்கா மகன் கூட வந்திருந்தான், அம்மாவும் வந்திருந்தார்.

முப்பது மீட்டரில் குடை தெரியவில்லை. இருபதில் தெரியவில்லை. பத்து மீட்டருக்கு வந்த பிறகும் வெள்ளை வெளிச்சம் ஒன்றுதான், அதன் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்பதே தெரியவில்லை. கிட்டத்தட்ட சைக்கிளைத் தொடும் தூரத்துக்கு வந்த பிறகுதான் சட்டை கண்ணில் பட்டது. அக்கா மகனுக்கு இருபது வயது, அவனுக்கும் இதே கதைதான். அம்மா பாதி வழியிலேயே நின்றுவிட்டார். விளக்கை அணைத்த பிறகும் பச்சையும் ஊதாவுமாக ஒரு வட்டம் கண் முன்னால் மிதப்பதாகச் சொன்னார். கைப்பிடித்துத்தான் கூட்டி வந்தேன்.

அந்தப் பெரியவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான் வருவது எல்லாருக்கும் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை நடந்து வந்திருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

கண்ணுக்குள் நடப்பது இதுதான். பலமான ஒளி நேராகக் கண்ணில் விழும்போது, விழிக்குள்ளேயே அது கொஞ்சம் சிதறுகிறது. சிதறிய ஒளி விழித்திரை முழுவதும் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி போட்டது போலப் படர்கிறது. இருட்டில் மங்கலாக இருக்கும் உருவங்கள் அந்தத் துணிக்குப் பின்னால் மறைந்துபோகின்றன. வயது ஏறஏற கண்ணின் லென்ஸ் தெளிவு குறைவதால் சிதறலும் கூடுகிறது. கண்புரை தொடங்கியவர்களுக்கு இன்னும் மோசம். அதோடு, மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் ரொடாப்சின் என்ற நிறமி பலமான ஒளியில் வெளிறிவிடும். கண்மணி ஒரு நொடிக்குள் சுருங்கிவிடுகிறது, ஆனால் நிறமி முழுதாக மீண்டு கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். நான் அவரைக் கடக்க எடுக்கும் நேரம் நான்கு நொடி. அவருக்கு அதன் பாதிப்பு நான் கண் மறைந்த பிறகும் தொடர்கிறது.

வீட்டுக்கு வந்து விளக்கின் முன்புறக் கண்ணாடியைத் திறந்து பார்த்தேன். சின்னக் கிண்ணம் போன்ற ஒரு வட்டக் குழி, அதன் நடுவில் மஞ்சள் பொட்டு மாதிரி எல்இடி, நேராக வெளியே பார்த்தபடி. கைடார்ச்சுக்குள் இருப்பதும் இதேதான். வெளிச்சம் கூம்பு வடிவில் மேலும் கீழும் பக்கமும் ஒரே மாதிரி பரவுகிறது. கீழ்ப்பாதி சாலைக்கு. மேல்பாதி எதிரே வருபவர் முகத்துக்கும் மரத்துக்கும். கார் ஹெட்லைட்டில் டிம் அடித்தால் வெளிச்சத்தின் மேல்பகுதி கோடு கிழித்தது போல வெட்டுப்பட்டு நிற்கிறதே, அந்த ஏற்பாடு எதுவும் இதில் இல்லை. சொல்லப்போனால், எப்போதும் ஹை பீமில் ஓடும் வண்டி அது.

இங்கே எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது அங்கேதான். லூமன் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளிவரும் மொத்த ஒளி. அது எங்கே போய் விழுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. ஓரிடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைச் சொல்வது லக்ஸ். 1600 லூமனைக் கண்டபடி இறைக்கும் விளக்கைவிட, 300 லூமனைச் சாலையில் மட்டும் ஒழுங்காகப் போடும் விளக்கில் பாதை நன்றாகத் தெரியும். நம்புவது கஷ்டமாக இருக்கும், எனக்கும் இருந்தது.

அந்த 1600-ஐயும் நான் நம்பவில்லை. உள்ளே இருந்தது 18650 என்ற அளவுள்ள ஒரே ஒரு செல். அதன்மேல் 9900 மில்லிஆம்பியர்-மணி என்று, அதாவது செல்லில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்ற அளவை, அச்சடித்திருந்தது. அந்த அளவுச் செல்லில் நல்ல தரமானதிலேயே சுமார் 3500 தான் அடங்கும். அதைக் கணக்குப் போட்டால் பன்னிரண்டு, பதின்மூன்று வாட்-மணி மின்சாரம். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு நூறிலிருந்து நூற்றைம்பது லூமன் தரும். அப்படியானால் 1600 லூமனில் ஒரு மணி நேரம் தாண்டுவதே சிரமம். பெட்டியில் போட்டிருந்தது நான்கு மணி நேரம். உண்மையில் இருபது நிமிடத்தில் உடல் சூடேறி, தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது. செல்லின் மேல் இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் அந்த விளக்கை வாங்காதீர்கள், சார்ஜ் போட்டுவிட்டு வீட்டில் படுக்கவே பயமாக இருக்கும்.

இரண்டாவது விளக்கைத் தேடும்போது லூமன் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஜெர்மனியில் சைக்கிள் விளக்குக்கு அரசு விதி உண்டு. விளக்கின் நடு வெளிச்சம் பத்து மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் இருக்க வேண்டும். அதே பத்து மீட்டரில் 3.4 டிகிரி மேலே, அதாவது ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரே, 2 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது. கீழே இவ்வளவு வேண்டும் என்பதோடு மேலே இவ்வளவுதான் என்றும் வரம்பு கட்டியிருப்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. எதிரே வருபவரையும் கணக்கில் எடுத்து எழுதிய விதி. அங்கே ஒப்புதல் பெற்ற விளக்கின் உடம்பில் அலை போன்ற ஒரு சின்னக் கோடும், பக்கத்தில் கே என்ற ஆங்கில எழுத்தும் சில எண்களும் பொறித்திருக்கும். நான் வாங்கியதில் அது இருந்தது. பெட்டியில் லூமன் எங்கேயும் இல்லை, 80 லக்ஸ் என்று மட்டும் இருந்தது.

கையில் வாங்கிப் பார்த்ததும் வித்தியாசம் புரிந்தது. முன்னாலிருந்து பார்த்தால் எல்இடியே கண்ணில் படாது. மேலே ஒரு மறைப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உள்ளே இருக்கும் கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கிறது. அந்த வளைந்த கண்ணாடி ஒளியை வாங்கி, வேண்டிய இடத்துக்கு மட்டும் திருப்பி அனுப்புகிறது. சுவரில் அடித்துப் பார்த்தேன். வட்டமாக விழவில்லை. மேல் விளிம்பு சீவிவிட்டது போல நேர்கோடு, அதற்கு மேலே இருட்டு. கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் வெளிச்சம் அதிகம், கீழே வரவரக் குறைகிறது.

அப்படிக் குறைவதிலும் காரணம் இருக்கிறது. சுவரில் கோட்டை ஒட்டி விழும் ஒளிதான் சாலையில் வெகுதூரம் போய் விழும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும் என்பதால் அங்கே நிறைய ஒளி வேண்டும், டயருக்கு முன்னால் கொஞ்சம் போதும். ஆகவே பாதை முழுக்க ஒரே சீராகத் தெரிகிறது. முதல் விளக்கில் டயருக்கு முன்னால் இரண்டு மீட்டர் வெள்ளையாகக் கொதிக்கும், அதைப் பார்த்தே என் கண்மணி சுருங்கிவிடும், இருபது மீட்டர் தள்ளி இருக்கும் பள்ளம் தப்பிவிடும். பிறர் கண்ணை மட்டுமல்ல, என் கண்ணையும் அந்த விளக்கு கெடுத்துக்கொண்டுதான் இருந்தது. மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனால், பள்ளத்தைக் கண்டு சுதாரிக்க ஒன்றரை நொடியில் எட்டு மீட்டர் போய்விடும், பிரேக் பிடித்து நிற்க இன்னும் நான்கு. ஈரச் சாலையில் அதற்கும் மேல். இருபது, இருபத்தைந்து மீட்டர் தெளிவாகத் தெரிந்தால்தான் நிம்மதியாக மிதிக்க முடியும். புது விளக்கில் தெரிகிறது.

அதே சாலையில் அதே குடையை வைத்து மறுபடியும் சோதனை செய்தோம். இருபது மீட்டரில் ஏதோ நிற்பது தெரிந்தது, பதினைந்தில் சட்டை என்றே தெரிந்தது. அம்மா இந்த முறை நிற்காமல் நடந்து வந்து சைக்கிளைத் தொட்டார். “இதுல தரையும் தெரியுதுடா” என்றார்.

இனி குறைகள். மேலே வெளிச்சமே இல்லாததால் தாழ்ந்த கிளை தெரியாது. இரண்டாவது வாரம் ஹெல்மெட்டில் ஒன்று பலமாக அறைந்தது. குறுகலான வளைவில் திரும்பும்போது உள்பக்கம் இருட்டாக இருக்கிறது. அங்கே வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். கரடுமுரடான இடத்தில் வெளிச்சக் கோடு மேலும் கீழும் ஆடுவது பழகும் வரை கண்ணை உறுத்தும். ஹேண்டிலில் கட்டும் ரப்பர் பட்டைதான் எல்லாவற்றையும்விடப் பலவீனம். இவ்வளவு யோசித்துச் செய்த விளக்கை இப்படி ஒரு பட்டையால் கட்ட வேண்டியிருப்பது எனக்கு வருத்தம். வேகத்தடையில் ஏறி இறங்கினால் சில சமயம் மூக்கு மேலே தூக்கிக்கொள்கிறது. தூக்கிவிட்டால் அவ்வளவுதான், கோடு கிழித்த விளக்கானாலும் அதன் மிகப் பலமான பகுதி நேராக எதிராளியின் கண்ணில் போய் நிற்கும்.

ஆகவே எந்த விளக்கு வாங்கினாலும் சாய்மானத்தைச் சரிபார்க்கப் பழகுங்கள். ஜெர்மனியின் பழைய விதியில் ஒரு எளிய அளவு இருந்தது: ஐந்து மீட்டர் தூரத்தில் ஒளியின் நடுப்பகுதி, விளக்கு இருக்கும் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. என் விளக்கு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்தி, சுவரில் 45 சென்டிமீட்டர் உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். வட்டமாக அடிக்கும் விளக்கு வைத்திருப்பவர்கள் அதன் நடுப்புள்ளியை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து, கூடவே குறைந்த வெளிச்ச அளவில் வைத்தாலே எதிரே வருபவருக்குப் பாதி வேதனை குறையும். வெட்டுக்கோடு உள்ள விளக்கை இவ்வளவு தாழ்த்தத் தேவையில்லை. மேல் விளிம்பு விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். சரியான இடத்தில் வைத்ததும் விளக்கிலும் ஹேண்டிலிலும் சேர்த்து வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். இரண்டு பாதியும் நேராக இருக்கிறதா என்று கிளம்பும்போது ஒரு பார்வை பார்த்தால் போதும்.

விட்டு விட்டு எரியும் ஃப்ளாஷ் பற்றி. முதல் விளக்கில் மூன்று விதமான ஃப்ளாஷ் இருந்தது, இரண்டாவதில் கிடையாது. ஜெர்மன் விதி சைக்கிளின் முன் விளக்கும் பின் விளக்கும் விட்டு விட்டு எரிவதை அனுமதிப்பதில்லை. பிரிட்டனில் 2005 முதல் அனுமதி உண்டு, நிமிடத்துக்கு 60 முதல் 240 முறைக்குள் இருக்க வேண்டும். பகலில் ஃப்ளாஷ் கவனத்தை இழுக்கும் என்பதை ஏற்கிறேன். இருட்டில் பலமான ஃப்ளாஷ் எனக்குச் சரியாகப் படவில்லை. அணைந்திருக்கும் நேரத்தில் சைக்கிள் எங்கே நகர்ந்தது, எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைக் கண்ணால் பிடிக்க முடிவதில்லை. ஒரே சீராக எரியும் விளக்கு என்றால் பார்த்தவுடன் தூரம் மனதுக்குத் தெரிகிறது.

பின் விளக்கிலும் இதே பிரச்சினை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு நண்பருக்குப் பின்னால் ஒருநாள் ஒரு மணி நேரம் ஓட்டினேன். பகலில் வெகுதூரம் தெரிவதற்கென்று இருக்கும் பலமான சிவப்பு ஃப்ளாஷை இரவிலும் போட்டிருந்தார். வெட்டி வெட்டி அடித்ததில் அவருடைய சக்கரம் எங்கே இருக்கிறது என்பதே எனக்குப் புரியவில்லை. “அண்ணே, அதை நின்னு எரியிற மாதிரி வைங்க” என்று கேட்டுக்கொண்டேன். உடனே மாற்றினார். அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லையாம். நானும் பின்னால் மிதமான சிவப்பு ஒன்றைத்தான், சீராக எரியும்படி வைத்திருக்கிறேன்.

அதோடு பெடல் ரிஃப்ளெக்டர். முன்பு அதைப் பொம்மை என்று கழற்றிப் போட்டவன் நான், இப்போது தேடி எடுத்து மாட்டிவிட்டேன். ரிஃப்ளெக்டர் தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். பின்னால் வரும் காரின் ஹெட்லைட் பட்டால் அந்தக் கார்க்காரர் கண்ணுக்கே வரும், வேறு யார் கண்ணிலும் குத்தாது, சார்ஜும் வேண்டாம். பெடலில் இருப்பதால் அது மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. அந்த அசைவைப் பார்த்ததும், அங்கே கால் மிதிக்கும் ஒரு மனிதர் போகிறார் என்று ஓட்டுநருக்கு விளங்கிவிடுகிறது. கணுக்காலில் கட்டும் பளபளப் பட்டையும் இதே வேலையைச் செய்யும். என்னைப் பிறர் பார்க்க வேண்டும் என்ற கவலைக்கு இவை நல்ல பதில். சேறு படிந்தால் மட்டும் பயனில்லை, வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைக்கிறேன்.

முதல் விளக்கை யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அது இன்னொரு பாதையில் இன்னொருவர் கண்ணில்தான் போய் அடிக்கும். அதன் செல்லைப் பழைய பேட்டரி சேகரிக்கும் இடத்தில் போட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு தகவல். ஆறாவது மாதம் ரப்பர் பட்டையில், கொக்கி மாட்டும் ஓட்டைக்குப் பக்கத்தில் கீறல் விழுந்தது. பட்டை மட்டும் தனியாகக் கிடைத்தது. மாற்றும்போது ஹேண்டிலைச் சுற்றி பழைய டியூபிலிருந்து வெட்டிய ஒரு துண்டைச் சுற்றி, அதன்மேல் இறுக்கினேன். வேகத்தடையில் மூக்குத் தூக்குவது நின்றுவிட்டது. புதுப் பட்டையில் கோடு கொஞ்சம் தள்ளி வந்ததால் சுவரில் மறுபடி அளந்து, பழைய மார்க்கர் கோட்டை அழித்துப் புதிதாகப் போட்டிருக்கிறேன்.